கதையை 1901-லயே நிறுத்திட்டீங்க சார்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாப்பாரப்பட்டி பக்கம். தர்மபுரி டவுன்ல ஒரு மாடி ரூம் பிடிச்சு பசங்களுக்கு கீபோர்டு சொல்லித் தரேன், திருவிழா கல்யாண சீசன்ல லைட் மியூசிக் ட்ரூப்போட வாசிக்கப் போயிடுவேன். உங்க பேப்பரை இருபது வருஷமா டீக்கடையில ஓசியில படிச்சவன், இப்பதான் ரெண்டு வருஷமா காசு குடுத்து வாங்கறேன், அதனால கேள்வி கேக்கற உரிமை கொஞ்சம் வந்துருச்சுன்னு நெனச்சு எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரஷ்ய பியானோ மேதை ரக்மானினோவ் பத்தி கால் பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல அந்தப் பேரைப் பாத்த சந்தோஷத்துல என் டீயே ஆறிப்போச்சு. ஆனா ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். முதல்ல சின்னது. அந்த போட்டோ அவரு இல்லைங்க, வெள்ளைத் தாடியோட இருக்கறது சைகோவ்ஸ்கி, அவருக்கு முந்தின தலைமுறை ரஷ்ய இசை மேதை. ரக்மானினோவை நான் பாத்த போட்டோ எதுலயும் தாடி கிடையாது, முடியை ஒட்ட வெட்டி, சிரிப்புன்னா என்ன விலைன்னு கேக்கற மூஞ்சியோட, கடன் வசூலுக்கு வந்த ஆள் மாதிரி நிப்பாரு. (அவரு படிக்கறப்ப பரீட்சையில அஞ்சு மார்க் (அங்க அதுதான் முழு மார்க்) போட்டு அதுவும் பத்தாதுன்னு சுத்தி பிளஸ் பிளஸ்ஸா போட்டுவிட்டவர் இதே சைகோவ்ஸ்கிதான், அந்த வகையில போட்டோ ரொம்ப தூரம் போயிடலைன்னு வெச்சுக்கலாம்.)

பெரிய விஷயம் இதுதான். தலைப்புல "தோல்வியை வென்ற மேதை"ன்னு போட்டு, முதல் சிம்பொனி ஊத்திக்கிச்சு, மனசு ஒடஞ்சாரு, டாக்டர் ஹிப்னாடிசம் பண்ணாரு, ரெண்டாவது கான்செர்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கற அயிட்டம்) எழுதி ஜெயிச்சாருன்னு சொல்லிட்டு, கடைசியா ஒரே ஒரு வரி, "பின்னர் அமெரிக்கா சென்று வசதியாக வாழ்ந்து 1943-ல் மறைந்தார்"னு முடிச்சிட்டீங்க. பின்னர்-ங்கற அந்த ஒரு வார்த்தைக்குள்ள நாப்பது வருஷத்துக்கு மேல இருக்கு சார். எனக்கு அந்த ஆளைப் பிடிச்சதே அந்த நாப்பது வருஷத்துக்காகத்தான்.

நீங்க போட்ட பாதியும் தப்பில்ல. 1873-ல நோவ்கொரோட் பக்கம் பொறந்தாரு, அப்பா பண்ணை பண்ணையா தொலைச்சு கடைசிப் பண்ணையும் ஏலத்துக்குப் போயிடுச்சு, குடும்பம் பீட்டர்ஸ்பர்க்குல ஒரு சின்ன வீட்டுக்கு வந்துச்சு, அக்கா ஒருத்தி தொண்டை அடைப்பான் நோய்ல செத்துப்போனா, அப்பா வீட்டை விட்டே போயிட்டாரு. பையன் படிக்கல, பாடமெல்லாம் பெயில், மார்க் கார்டைத் திருத்தி வீட்டுல காட்டியிருக்கான் (இதை என் கிளாஸ்ல சொன்னேன், அன்னைக்கு மட்டும் எல்லாப் பசங்களும் காதைத் தீட்டிக்கிட்டு கேட்டானுங்க). அப்புறம் சொந்தக்காரர் சிலோட்டிதான் மாஸ்கோவுல ஸ்வெரெவ்னு ஒரு வாத்தியார்கிட்ட கொண்டுபோய் விடச் சொன்னது. நம்ம ஊரு குருகுலம் மாதிரியே வாத்தியார் வீட்டுலயே தங்கி காலையில ஆறு மணிக்கு பியானோ முன்னாடி உக்காரணும், குளிரா இருந்தாலும் சரி, முந்தின நாள் ராத்திரி வாத்தியாரே நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போயி லேட்டா வந்திருந்தாலும் சரி.

1897-ல முதல் சிம்பொனி பீட்டர்ஸ்பர்க்குல அரங்கேறுச்சு, நடத்துனவர் கிளாசுனோவ், ரிகர்சல் பத்தல, நாசமா போச்சு. நரகத்துல ஒரு சங்கீதக் காலேஜ் இருந்தா அங்க இது நல்லா எடுபடும்ங்கற மாதிரி குயீன்னு ஒருத்தர் பேப்பர்ல விமர்சனம் எழுதிட்டாரு. மூணு வருஷம் உருப்படியா ஒண்ணும் எழுத வரல. சும்மா உக்காந்திருந்தாருன்னு நீங்க போட்டிருக்கீங்க, அது மட்டும் சரியில்ல, அந்த நேரத்துல ஒரு ஓபரா கம்பெனியில கண்டக்டர் வேலை பாத்தாரு, கச்சேரி பண்ணாரு. எழுதத்தான் முடியல. 1900 ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த ஹிப்னாடிச டாக்டர் டால்கிட்ட தினமும் போயி, அதுக்கப்புறம் 1901-ல முடிஞ்சதுதான் அந்த ரெண்டாவது கான்செர்டோ. அதை அந்த டாக்டர் பேருக்கே சமர்ப்பணம் பண்ணிட்டாரு. இங்க வந்து சுபம் கார்டு போட்டுட்டீங்க.

அந்த கான்செர்டோவோட ஆரம்பத்தை மட்டும் ஒரு நிமிஷம் சொல்லிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆர்கெஸ்ட்ரா கம்முனு இருக்கும், பியானோ மட்டும் தனியா. நடுவுல ஒரு கார்டு (நாலஞ்சு ஸ்வரத்தை ஒண்ணா அழுத்தறது), கீழ அடியில ஒரு ஒத்தை ஸ்வரம், மறுபடி கார்டு, மறுபடி அந்த ஒத்தை, கோயில் மணியை ரொம்ப தூரத்துல இருந்து யாரோ அடிச்சுக்கிட்டே கிட்ட கொண்டு வர்ற மாதிரி சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். அதுல எடது கை எட்ட வேண்டியது பத்துக் கட்டை. என் கைக்கு நல்லா இழுத்தா ஒம்பது எட்டும். அவரு கைக்கு பன்னெண்டு வெள்ளைக் கட்டை எட்டும். சர்ச்சுல கொயர் நடத்துன மாஸ்டர் ஒருத்தர்தான் எனக்கு இதோட கேசட்டை முதல்ல குடுத்தது, எட்டலைன்னா ஸ்வரங்களை ஒண்ணொண்ணா உருட்டி வாசிடா, உலகத்துல பாதிப்பேரு அப்படித்தான் வாசிக்கறான்னு சொல்லுவாரு. இன்னைக்கும் உருட்டித்தான் வாசிக்கறேன்.

சரி, நீங்க விட்ட இடத்துக்கு வரேன்.

அவரு எழுதுன பாட்டுக்கெல்லாம் ஓபஸ்னு வரிசை நம்பர் இருக்கும். மொத்தம் 45. அதுல 39 வரைக்கும் ரஷ்யாவை விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி எழுதுனது. 1917 டிசம்பருக்கு அப்புறம் 1943 வரைக்கும், அதாவது இருபத்தஞ்சு வருஷத்துல, 40-ல இருந்து 45 வரைக்கும் வெறும் ஆறு. இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டுத்தான் நெறைய பேரு அந்தாளுக்கு சரக்கு தீந்துபோச்சுன்னு எழுதறாங்க. சரக்கு தீரலைங்க, சோறு முன்னாடி வந்து நின்னுச்சு.

நடந்தது என்னன்னா, புரட்சி வந்துச்சு, சம்பாதிச்சதை எல்லாம் கொட்டி வெச்சிருந்த இவானோவ்கா பண்ணை கையை விட்டுப் போச்சு. ஸ்வீடன்ல இருந்து கச்சேரிக்குக் கூப்பிட்டாங்க, அதையே சாக்கா வெச்சு பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு 1917 டிசம்பர்ல ரயில்ல பின்லாந்து எல்லை வரைக்கும் வந்து, அங்கருந்து மூடாத பனிவண்டியில போயிருக்காங்க. திரும்பிப் போகவே இல்ல. வயசு நாப்பத்தி நாலு. அதுவரைக்கும் அவரு முதல்ல பாட்டு எழுதறவரு, அப்புறம் ஆர்கெஸ்ட்ரா நடத்தறவரு, அப்புறம்தான் பியானோ வாசிக்கறவரு, அதுவும் பெரும்பாலும் தன்னோட சொந்த அயிட்டத்தைத்தான் வாசிப்பாரு. பாஸ்டன் சிம்பொனியில நடத்துனர் வேலைக்குக் கூப்பிட்டாங்க, வேணாம்னுட்டாரு, அத்தனை கச்சேரிக்கு வேண்டிய அயிட்டம் தன் கையில இல்லைன்னு அவருக்கே தெரியும். சம்பாதிக்க வழி எதுன்னு பாத்தா வாசிக்கறதுதான். நாப்பத்தஞ்சு வயசுல உக்காந்து ஷோபன், ஷூமன், லிஸ்ட், பீத்தோவன்னு மத்தவங்க சரக்கை எல்லாம் புதுசா மனப்பாடம் பண்ணி, 1918 நவம்பர்ல நியூயார்க்ல போயி எறங்கி, டிசம்பர்லயே மேடை ஏறிட்டாரு. எனக்கு இப்ப நாப்பத்தாறு. ட்ரூப்புல புதுசா ஒரு பாட்டு குடுத்தா அதோட பிஜிஎம்மை மனப்பாடம் பண்ண நாலு நாள் ஆகுது.

எப்படி பழகுனாருன்னும் ஒண்ணு சொல்லணும். சேசின்ஸ்னு ஒரு பியானோக்காரர் அவரைப் பாக்கப் போயிருக்காரு, உள்ள யாரோ பழகற சத்தம் கேக்குது, என்ன பாட்டுன்னே புரியலையாம், அவ்ளோ மெதுவா. ரொம்ப நேரம் வெளியவே நின்னு கேட்டப்புறம்தான் அது ஷோபனோட ஒரு கஷ்டமான வேகப் பயிற்சின்னும், வாசிக்கறது ரக்மானினோவ்னும் தெரிஞ்சுச்சாம். இதையும் கிளாஸ்ல சொன்னேன். மார்க் கார்டு கதைக்குக் கெடச்ச வரவேற்பு இதுக்குக் கெடைக்கல.

வசதியா வாழ்ந்தாருன்னு எழுதுனீங்களே, அது பொய் இல்ல. நல்லா சம்பாதிச்சாரு, கார் பிரியர், போட் ஓட்டுவாரு. ஆனா சீசன் ஆரம்பிச்சா ஊர் ஊரா ரயில்தான், ராத்திரி கச்சேரி, காலையில வேற ஊரு. இதுல எங்க உக்காந்து எழுதறது? போற எடத்துல எல்லாம் ஜனங்க ஒரே ஒரு அயிட்டத்தைத்தான் கேக்கறாங்க, அந்த சி ஷார்ப் மைனர் பிரலூட்ங்கற சின்ன பியானோ அயிட்டம். அது அவரு பத்தொம்பது வயசுல எழுதுனது. நாப்பது ரூபிளுக்கு வித்துட்டாரு, ரஷ்யா அப்ப சர்வதேச காப்பிரைட்டுல சேரல, அதனால வெளிநாட்டுல அது எத்தனை ஆயிரம் வித்தாலும் இவருக்கு நயா பைசா வராது. காசும் வராத பாட்டை மேடைக்கு மேடை வாசிக்கணும், வாசிக்கலைன்னா விட மாட்டாங்க. இந்த வலி எனக்கு எப்படித் தெரியும்னா எங்க ட்ரூப்புலயும் ஒரு பாட்டு இருக்கு, பேரு சொல்ல மாட்டேன், அதை வாசிக்காம பென்னாகரம் தாலுக்காவுல எந்தத் திருவிழாவுலயும் எங்களை வண்டி ஏற விட்டதில்ல.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம். 1931-ல கோரெல்லி வேரியேஷன்ஸ்னு எழுதுனாரு, ஒரே மெட்டை இருபது விதமா மாத்தி மாத்தி வாசிக்கற அயிட்டம். அதை மேடையில எப்படி வாசிச்சேன்னு மெட்னர்ங்கற நண்பருக்கு லெட்டர்ல எழுதறாரு. ஜனங்க இருமறதைக் கவனிப்பாராம். இருமல் ஜாஸ்தியாச்சுன்னா அடுத்த வேரியேஷனைத் தாண்டிடுவாரு, இருமல் இல்லைன்னா வரிசையா வாசிப்பாரு. ஒரு சின்ன ஊர்ல எல்லாரும் அப்படி இருமித் தள்ளிட்டாங்க, இருபதுல பத்துதான் வாசிச்சாராம். அவ்ளோ பெரிய ஆளு, இருமலை எண்ணிக்கிட்டு தன்னோட பாட்டைத் தானே வெட்டிக்கறாரு.

எங்களுக்கு இருமல் இல்ல, வேற பாட்டு கேட்டு வர்ற துண்டுச்சீட்டு. மூணு வருஷம் முன்னாடி ஒரு மாரியம்மன் பண்டிகை, பாடற பொண்ணு தண்ணி குடிக்கப் போயிருச்சு, தபலாக்காரரும் எறங்கிட்டாரு, ரெண்டு நிமிஷம் காலியா இருந்துச்சு. சும்மா நிக்கறதுக்குப் பதிலா நான் போட்டு வெச்சிருந்த சொந்த மெட்டு ஒண்ணை மெதுவா எடுத்தேன், கல்யாணி மாதிரி ஆரம்பிச்சு எங்கயோ போகும் அது, இன்னும் பேரே வெக்கல. முதல் வரி முடியறதுக்குள்ள கட்டைக்கு மேல முதல் சீட்டு வந்து விழுந்துச்சு. ரெண்டாவது வரியில ரெண்டு சீட்டு. அஞ்சாவது சீட்டு வந்தப்ப அதுல ஒரு பத்து ரூபா நோட்டும் சொருகி இருந்துச்சு, நிறுத்திட்டேன். ரக்மானினோவ் லெட்டரைப் பத்தி அதுக்கப்புறம்தான் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி நான் தனியா உக்காந்து சிரிச்ச சிரிப்புக்கு வீட்டுல பயந்துட்டாங்க.

சோறு மட்டும்தான் காரணம்னும் சொல்லிட முடியாது. நாட்டை விட்டு வந்ததோட எழுதற ஆசையும் போயிடுச்சுன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்காரு. இது எனக்கு எங்கப்பாவை வெச்சுத்தான் புரியும். எங்கப்பா கூத்துல பெட்டி வாசிச்சவரு. பெட்டின்னா ஆர்மோனியம், உங்க மெட்ராஸ் ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியலைன்னா சொல்றேன். கட்டியங்காரன் பேசிக்கிட்டு இருக்கறப்பவே பின்னாடி உக்காந்து புதுசா ஒரு மெட்டுக் கட்டி அடுத்த பாட்டுக்குத் தயாரா வெச்சிருப்பாரு, அப்படி ஒரு வேகம். மழை இல்லாம போன ரெண்டு வருஷம் கூத்துக்கும் ஆள் கூப்பிடல, கட்டட வேலைக்கு பெங்களூர் போனோம், எங்க ஊர்ல பாதிப்பேரு போனாங்க. பெட்டியை வேட்டியில சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாரு, தகர ஷெட்டுல அரிசி மூட்டைக்கு மேல இருந்துச்சு. ஆறு வருஷம் அதைத் தொறக்கவே இல்ல. ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி கூத்துக்குப் போனாரு, பழைய மெட்டெல்லாம் ஒண்ணு விடாம வாசிச்சாரு, புதுசு மட்டும் கட்டல. ஏன்பான்னு ஒரு தடவை கேட்டேன். தோணலடான்னாரு. அவ்ளோதான்.

ரக்மானினோவுக்கு மறுபடி தோணுச்சு, அதுவும் எப்படின்னு பாருங்க. சுவிட்சர்லாந்துல லூசெர்ன் ஏரிக்கரையில எடம் வாங்கி வீடு கட்டுனாரு, தன் பேரு செர்கே, பொண்டாட்டி பேரு நடாலியா ரெண்டோட முதல் எழுத்துங்களையும் சேத்து, கடைசியில குடும்பப் பேரோட எழுத்தையும் ஒட்டி செனார்னு பேரு வெச்சாரு. 1934 கோடையில அங்க உக்காந்து பகானினி ராப்சடிங்கற பியானோ-ஆர்கெஸ்ட்ரா அயிட்டத்தை ஏழு வாரத்துல முடிச்சுட்டாரு. ரயிலும் கச்சேரியும் இல்லாம ஒரு எடத்துல கால் ஊணி உக்காந்த ஒடனே பேனா ஓடிருக்கு. மூணாவது சிம்பொனியும் அங்க எழுதுனதுதான். அப்புறம் 1939-ல யுத்தம் வந்து அந்த வீட்டையும் விட்டுட்டு அமெரிக்காவுக்கே போகவேண்டியதாயிடுச்சு.

நீங்க ஒரு தகடூர்க்காரன் பேப்பரும் நடத்தறீங்க (எங்க மாவட்டத்துக்குன்னு தனிப் பக்கம் போடறீங்கல்ல, அதைச் சொல்றேன்), அதனால இது உங்களுக்குப் பிடிக்கும். எங்க ஊரு ராஜா அதியமான் தான் சாப்பிட வேண்டிய நெல்லிக்கனியை அவ்வைக்குக் குடுத்தாரு, ராஜா புலவருக்குக் குடுக்கறதுதான் வழக்கம். இங்க தலைகீழா இருக்கு. 1923-ல சிகோர்ஸ்கின்னு இன்னொரு ரஷ்யாக்காரர், அவரும் தப்பிச்சு வந்தவர்தான், நியூயார்க் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில ஏரோப்ளேன் கட்டிக்கிட்டு இருக்காரு, கையில காசு இல்ல. ரக்மானினோவ் 5,000 டாலர் எடுத்துக் குடுத்துட்டு, கம்பெனிக்கு மதிப்பு வரட்டும்னு தன்னை வைஸ் பிரசிடெண்டா போட்டுக்கவும் சம்மதிச்சாரு. பின்னாடி ஹெலிகாப்டர்னா அந்த சிகோர்ஸ்கி பேருதான் முதல்ல வருது. சங்கீதக்காரன் குடுத்த நெல்லிக்கனி. அவரை நிம்மதியா எழுத விட ஒரு அதியமான் கெடைக்கல.

கடைசி அயிட்டம், 1940-ல எழுதுன சிம்பொனிக் டான்சஸ், ஓபஸ் 45. அதுல முதல் பகுதி முடியற எடத்துல ஒரு மெட்டு வரும். அது வேற எதுவும் இல்ல, 1897-ல ஊத்திக்கிச்சே அந்த முதல் சிம்பொனியோட மெட்டு. அங்க மொறைச்சுக்கிட்டு வந்ததை இங்க மணி கிணுகிணுக்க சாந்தமா வெச்சிருக்காரு. இதுல விசேஷம் என்னன்னா அந்த சிம்பொனியை அவரு அச்சுக்கே குடுக்கல, ரஷ்யாவுலயே விட்டுட்டு வந்துட்டாரு. 1941 ஜனவரியில பிலடெல்பியாவுல இதை முதல்ல வாசிச்சப்ப அந்த ஹால்ல ஒருத்தனுக்கும் அது எங்கருந்து வந்த மெட்டுன்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. அவருக்கு மட்டும் தெரியும். 1943 பிப்ரவரி 17 டென்னசியில நாக்ஸ்வில்னு ஒரு ஊர்ல கடைசிக் கச்சேரி, உடம்புல கேன்சர், மார்ச் 28 போயிட்டாரு, எழுபது முடிய நாலு நாள் பாக்கி. அதுக்கப்புறம்தான் லெனின்கிராட் (அந்தப் பழைய பீட்டர்ஸ்பர்க்தான்) சங்கீதக் காலேஜ் லைப்ரரியில அந்த முதல் சிம்பொனி வாசிச்ச தனித்தனி பேப்பருங்க கெடச்சு, சேத்து எழுதி, 1945 அக்டோபர்ல மாஸ்கோவுல வாசிச்சாங்க.

சிம்பொனிக் டான்சஸ்ல அந்த எடத்தை நான் எப்பவும் வண்டியிலதான் கேப்பேன். சேலம் பக்கம் கச்சேரி முடிச்சு விடிகாலையில தொப்பூர் கணவாய் ஏறறப்ப, வண்டியில எல்லாரும் தூங்கிக்கிட்டு இருப்பாங்க, லாரிங்க முக்கிக்கிட்டு ஏறும், ஒரு காதுல மட்டும் ஹெட்போன் (இன்னொண்ணு வேலை செய்யல).

அதனால சார், முடிஞ்சா அடுத்த வாரம் அந்த மிச்சப் பாதியையும் போடுங்க. எடம் இல்லைன்னா போட்டோவையாச்சும் திருத்திடுங்க.

இப்படிக்கு,
கீபோர்டு வாசிக்கும் வாசகன்,
பாப்பாரப்பட்டி அஞ்சல், தர்மபுரி மாவட்டம்.

பி.கு: எங்கப்பாவோட பெட்டி இன்னும் வீட்டுல இருக்கு. மேல் கட்டையில ரெண்டு ரீடு பேசல, துருத்தியில காத்தும் ஒழுகுது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேட்டுப் பாத்துட்டேன், எல்லாரும் புதுசு வாங்கிக்கோன்னு சொல்றாங்க. பழைய பெட்டிக்கு ரீடு கட்டத் தெரிஞ்ச பெரியவர் யாராச்சும் இருக்கறதா உங்க வாசகருங்களுக்குத் தெரிஞ்சா இதே பகுதியில ஒரு வரி எழுதச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.